பெயிண்ட் காயாத மீட்டர்

சினிமாவில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் அடுத்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "யாரையெல்லாம் நேர்ல பார்த்திருக்கீங்க?" அவரிடம் அப்படிக் கேட்டவர்கள் ஏமாந்துதான் போனார்கள். அவர் யாரையும் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் வண்டிக்காரருக்குப் படப்பிடிப்பைப் பார்க்கிற கொடுப்பினை கிடையாது. வண்டி போடும் இரைச்சல் நடிகர்களின் பேச்சோடு கலந்துவிடக் கூடாது என்று இரண்டு தெரு தள்ளி, குப்பைத் தொட்டிக்கும் யாரோ வீட்டுச் சுவருக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்வார்கள். அங்கிருந்து கைத் தடிமனில் கேபிள்கள் நெளிந்து நெளிந்து போகும். மறுமுனையில் காதல், கண்ணீர், கொலை எல்லாம் நடக்கும். இந்த முனையில் டீசல் நாற்றமும் அவரும்.

எப்போதும் தெருக்கோடியிலேயே நிற்பதால் 'கோடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் "இந்தப் படம் எத்தனை கோடிப்பா?" என்று விசாரித்தால், லைட்மேன் ஒருவர் தவறாமல், "ஒரே ஒரு கோடிதான். அதோ தெருமுனையில நின்னு இருமிக்கிட்டிருக்கு பாரு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கோடி அண்ணனும் சிரிப்பார். சிரித்தால் இருமல் கிளம்பிவிடும் என்பதால் அளவாகச் சிரிப்பார்.

இருமல் எப்போது தொடங்கியது என்று அவருக்கே தெரியாது. மனைவிக்குத் தெரியும். அவள் வீட்டிலேயே ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு, அக்கம்பக்கத்தாருக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். அவர் படியேறி வருகிற சத்தத்தில் நடுவில் ஓர் இடைவெளி விழத் தொடங்கிய நாளை அவள் கவனித்திருந்தாள். பிறகு அந்த இடைவெளி இரண்டாயிற்று. அவர் துணியைத் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள்.

"மனுஷன் வந்த மாதிரியா இருக்கு? வீட்டுக்குள்ள ஒரு லாரி நுழைஞ்ச மாதிரி இருக்கு" என்பாள்.

"லாரிக்குச் சோறு உண்டா இல்லையா?"

"முதல்ல போய்க் குளிங்க."

ஒருநாள் சட்டைக் காலரில் ரத்தப் பொட்டைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை, அழவில்லை. கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"சிகரெட் எவ்வளவு பிடிப்பீங்க?"

"தொட்டதில்லைங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

"சத்தியமா தொட்டதில்ல டாக்டர்" என்றாள் மனைவி. "இவருக்கும் சேர்த்து இவரோட வண்டிதான் பிடிக்குது."

டாக்டர் விசாரித்துக் கேட்டுக்கொண்டார். பிறகு பேச்சில் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதைதான் கோடி அண்ணனைப் பயமுறுத்தியது. நுரையீரலில் இதுவரை போனது திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஆனால் இனிமேல் புகை ஆகவே ஆகாது, வேறு வேலை பாருங்கள் என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வேறு வேலை. தலை நரைத்த பிறகு ஒரு மனிதரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் படக் கம்பெனி, ஜெனரேட்டருக்குப் பதிலாக லைட்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கிற பேட்டரி வண்டி ஒன்றை வாங்கியது.

சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் எடுக்கிற படங்களுக்கு ஓர் அமைப்பு சான்றிதழ் கொடுக்கிறதாம். அது இருந்தால் வெளிநாட்டு விழாக்களில் படத்துக்குத் தனி மதிப்பாம். அதற்காகவே ஒரு பெண்ணைச் சுற்றுச்சூழல் ஒருங்கிணைப்பாளர் என்று வேலைக்கு எடுத்தார்கள். இவ்வளவு நீளமான பதவியை யார் வாயில் நுழைப்பது? வந்த மறுநாளே அவளுக்குப் 'பச்சை' என்று பெயர் விழுந்துவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலை ஒழித்து ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தாள். "டம்ளர் கழுவறதுக்கா சினிமாவுக்கு வந்தோம்?" என்று உதவி இயக்குநர்கள் முணுமுணுத்தார்கள். தெர்மக்கோல் கூடாது என்றாள். மிஞ்சும் சோற்றைக் கொட்டக் கூடாது என்றாள். செட் போட்ட பலகைகளைப் படம் முடிந்ததும் கொளுத்தாமல் ஆணி பிடுங்கி அடுக்கி வைக்கச் சொன்னாள். அவள் வருவதைப் பார்த்தாலே, "ஏய், மூச்சை மெதுவா விடு, பச்சை அளக்க வருது" என்று யாராவது சொல்வார்கள். அவள் கேட்டும் கேளாதவள்போலப் போய்விடுவாள். தனியாக இருக்கும்போது முகம் வாடிக் கிடக்கும்.

பேட்டரி வண்டியை ஓட்ட யார் கற்றுக்கொள்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது, ஜெனரேட்டர்காரர்கள் யாரும் முன்வரவில்லை. பொம்மை வண்டி, நாலு லைட் போட்டால் படுத்துவிடும் என்று அவர்களுக்கு எண்ணம். கோடி அண்ணன் மட்டும் கை தூக்கினார். பிறகு அவளைத் தனியாகச் சந்தித்து டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா நிறுத்திடுவாங்கம்மா. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன் அண்ணே. இந்த வண்டி உங்களுக்காகத்தான் வந்துச்சுன்னு நினைச்சுக்கங்க."

அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லும்போது பாதியில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அதை இருமல் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

முதல் கட்டப் படப்பிடிப்பு நகரத்துக்குள்ளேயே, ஒரு பள்ளிக்கூடத்தில். பள்ளி மூடிய பிறகு அவர்களுடைய மின்சாரத்திலேயே வண்டியைச் சார்ஜ் போட்டுக்கொள்ள ஏற்பாடு. புகை கிடையாது, இரைச்சல் கிடையாது. அதனால் வண்டியைப் படப்பிடிப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சினிமா எடுப்பதைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல், எதுவரை கேமராவுக்குத் தெரியும் என்று தெரியாமல் நடிகைக்குப் பின்னாலேயே கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தும் போனார்.

"யாருய்யா அது ஃப்ரேமுக்குள்ள?"

"நம்ம கோடிதான் சார். இத்தனை வருஷமா வெளியில நின்னவரு, இன்னிக்கு ஒரேயடியா ஹீரோயின் பக்கத்துக்கே வந்துட்டாரு."

இயக்குநரே சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் படியேறும்போது இடைவெளி ஒன்றுதான் விழுந்தது. மெஷினை மிதிப்பதை நிறுத்திக் காது கொடுத்துக்கொண்டிருந்த மனைவி, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "என்ன இன்னிக்குச் சீக்கிரம்?" என்றாள். அவர் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்திருந்தார்.

நல்லதெல்லாம் அவ்வளவுதான்.

இரண்டாம் கட்டம் நகரத்துக்கு வெளியே, மூடிக்கிடந்த ஒரு பழைய ஆலையில். கதைப்படி ஆலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் முன்னதாகவே போய்த் துடைத்து, வர்ணம் அடித்து, ஜோடித்துவிட்டுப் படங்கள் அனுப்பியிருந்தார்கள். பச்சை தன் செல்போனில் ஒரு படத்தைக் கோடி அண்ணனிடம் காட்டினாள். சுவரில் பெரிய மின்சாரப் பலகை. மீட்டர், ஃபியூஸ் கட்டைகள், மெயின் சுவிட்ச் எல்லாம் வரிசையாக இருந்தன.

"வண்டியைச் சார்ஜ் பண்ண இது போதுமா அண்ணே?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மீட்டருக்குள் இருக்கும் சின்னச் சக்கரம்கூடத் தெரிந்தது.

"த்ரீ ஃபேஸ் இருக்கும்மா. தாராளம்."

"நேர்ல ஒரு தடவை போய்ப் பார்த்துடலாமா?"

அவளுக்கும் அன்று நூறு வேலை. அவருக்கும் அந்தப் படத்தைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. நமக்கு வேண்டியதை யாராவது காட்டினால் நாம் எங்கே உரசிப் பார்க்கிறோம்?

"எதுக்கும்மா அலைச்சல்? இதுதான் பளிச்சுன்னு தெரியுதே" என்றார்.

ஆலைக்குப் போய் இறங்கிய அன்று காலை, கேபிளை இழுத்துக்கொண்டு நேராக அந்தப் பலகையிடம் போனார். மெயின் சுவிட்ச்சின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. மரம். உள்ளங்கையில் கறுப்புச் சாயம் ஒட்டிக்கொண்டது. மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அட்டைச் சத்தம்.

"அண்ணே, அண்ணே, தொடாதீங்க! ராத்திரிதான் மறுபடி அடிச்சோம், இன்னும் பெயிண்ட் காயலை!" என்று ஆர்ட் டைரக்டர் ஓடிவந்தார்.

"இது... நிஜம் இல்லையா?"

"நிஜமா? அதைத் திருட்டுப் பசங்க எப்பவோ பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. வெறும் சுவருதான் இருந்துச்சு. நாங்க செஞ்சது இது. சக்கரத்தைப் பார்த்தீங்களா? பழைய தகர டப்பா மூடி." முகமெல்லாம் பெருமை. பிறகு கேபிளைப் பார்த்தார், கோடி அண்ணன் முகத்தைப் பார்த்தார். பெருமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. "ஐயையோ. இதை நம்பியா வண்டி கொண்டுவந்தீங்க?"

விஷயம் பரவியதும் செட்டே குலுங்கியது. எடுத்த கைப்பிடியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு லைட்மேன்கள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. "பச்சை கரண்ட்டுனா இதுதான் போல. செலவே கிடையாது!" பச்சை சுவரோரம் நின்று யார் யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். மின்சார அலுவலகத்தில் தற்காலிக இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நடிகையின் கால்ஷீட் அந்த வாரத்தோடு முடிகிறது.

தயாரிப்பு மேனேஜர் சிரிக்கவில்லை. அவர் போனில் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் வந்து சேர்ந்தது. கோடி அண்ணன் இத்தனை வருஷம் ஓட்டிய அதே பழைய வண்டி.

"அதை வெளியில நிறுத்தக் கூடாது" என்றார் மேனேஜர். "சான்றிதழ் ஆளுங்க சுத்திப் பார்க்க வருவாங்க. பின்னாடி பாய்லர் ரூம் இருக்கு. உள்ள விட்டு ஷட்டரை இறக்கிடுங்க. பேட்டரி வண்டி முன்னாடி நிக்கட்டும். ஜெனரேட்டர்ல இருந்து அதுக்குப் பின்பக்கமா கேபிள் போட்டுக்கங்க."

"அப்போ ஜெனரேட்டர் பேட்டரிக்கு ஊட்டும், பேட்டரி லைட்டுக்கு ஊட்டும்" என்றார் லைட்மேன். "நேரா ஜெனரேட்டர்லயே லைட்டைப் போட்டா டீசலாவது மிஞ்சுமே சார்?"

"மிஞ்சும். சான்றிதழ்தான் மிஞ்சாது. போய் வேலையைப் பாரு."

பச்சை முன்னால் வந்தாள். "சார், இது ஏமாத்து வேலை. அதுவும் மூடின ரூமுக்குள்ள ஒரு மனுஷன் எப்படி—"

"மேடம், மீட்டரைச் சரி பார்த்தது யாரு? நானா?"

மேனேஜர் அடுத்த கேள்வியை அவளிடம் கேட்பதற்குள் கோடி அண்ணன் குறுக்கே புகுந்தார்.

"நான்தான் சார் பார்த்துச் சொன்னேன். தாராளம்னு நான்தான் சொன்னேன். நானே உள்ள இருந்து பார்த்துக்கறேன்."

"அண்ணே, வேண்டாம்."

"சும்மா இரும்மா. நாலு நாள்தானே."

சொன்னது அவர்தான், இருக்கப்போவதும் அவர்தான் என்று முடிவாகிவிட்டது. புகையை வெளியேற்ற ஒரு தகரக் குழாயை மாட்டினார்கள். மாட்டிய இடத்திலேயே அது கசிந்தது. இரைச்சல் வெளியே கேட்காமலிருக்க ஷட்டரின் இடுக்கிலெல்லாம் ஈரச் சாக்கை அடைத்தார்கள். இயந்திரத்தை விட்டுவிட்டு வெளியே நிற்கவும் முடியாது. மூடின அறையில் சூடு ஏறிக்கொண்டே போகும், எண்ணெயைப் பார்க்க வேண்டும், டீசல் ஊற்ற வேண்டும். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போவார், முடியாதபோது பக்கக் கதவு வழியாக வெளியே வந்து சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பார், மறுபடி போவார். திறந்த தெருவில் நின்ற நாட்களில் காற்று பாதியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். புகையில்லாத படத்தில் முழுப்புகையும் அவருக்கே கிடைத்தது.

சான்றிதழ்க்காரர்கள் வந்தார்கள். டம்ளர்களைப் பாராட்டினார்கள். பேட்டரி வண்டிக்கு முன்னால் அதை ஓட்டுகிறவரை நிறுத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். சின்னக் கேமரா, சின்ன மைக். கோடி அண்ணன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். கேமராவுக்கு முன்னால் அவர் வேண்டுமென்றே நின்றது அந்த ஒரு தடவைதான்.

"இந்த வண்டியால உங்க வேலையில என்ன மாற்றம் அண்ணே?"

"புகை இல்லைங்க." அதற்குமேல் வரவில்லை. இருமல் வந்தது.

"பரவாயில்ல. தண்ணி குடிச்சிட்டு இன்னொரு தடவை. இருமல் இல்லாம சொல்லுங்க."

"புகை இல்லைங்க. நல்லா..."

மறுபடியும் வந்தது. கேமரா பிடித்த பையன்கள் கெட்டவர்கள் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார்கள். கடைசியில், பேச வேண்டாம், கேபிளைச் செருகுகிற கையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எடுத்தார்கள். பச்சை தலையைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு நாள் என்றது, நடிகையின் கால்ஷீட்டை நீட்டி வாங்கியதில் ஒரு வாரத்தைத் தாண்டியது. படப்பிடிப்பு முடிந்து வந்தவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி மேலிருந்து இறங்கிவந்து பக்கத்துவீட்டுக்காரர் துணையோடு ஆட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இந்த முறை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் அதிக நேரம் பிடிக்கவில்லை.

வீடு திரும்பியபின் பச்சை பார்க்க வந்தாள். பழம் வாங்கி வந்திருந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"நடந்ததையெல்லாம் அந்த அமைப்புக்குச் சொல்லிடப் போறேன் அண்ணே."

அவர் கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். "சொன்னா என்ன ஆகும்?"

"சான்றிதழ் கிடைக்காது."

"அடுத்த படத்துக்குப் பேட்டரி வண்டி வருமா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"சொல்லாம இருந்தா வருமா?"

"வரும். ஜெனரேட்டரும் பின்னாடியே வரும். இப்ப அவங்களுக்கு வழி தெரிஞ்சு போச்சு."

மெஷினுக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள்: "வண்டி வருமா, வண்டி வருமான்னு பேசறீங்களே ரெண்டு பேரும். இவருக்கு மூச்சு வருமான்னு யாராவது கேட்டீங்களா?"

கிளம்பும்போது பச்சை அவள் கையைப் பிடித்தாள். "என்னை மன்னிச்சிடுங்க அக்கா." அக்கா கையை உதறவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

பச்சை சொன்னாள். சொன்னதை யாரும் மறுக்கவில்லை. படத்துக்குச் சான்றிதழ் போயிற்று, அவளுக்கு வேலை போயிற்று. இந்தப் பச்சை விவகாரமே தலைவலி என்று கம்பெனி முடிவு செய்தது. பேட்டரிகளைக் கழற்றிவிட்டு வண்டியைச் சாமான் ஏற்ற வைத்துக்கொண்டார்கள். டம்ளர்கள் போய்ப் பாட்டில்கள் வந்தன. ஆலையில் போட்ட செட்டை அங்கேயே கொளுத்தினார்கள். இதையெல்லாம் லைட்மேன் வந்து சொன்னபோது, அந்த மீட்டர் என்ன ஆயிற்று என்று கோடி அண்ணன் கேட்டார். "அதுவும்தான். நல்லா எரிஞ்சுது" என்றார் அவர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். பிளவுஸ் தைத்து இரண்டு பேர் எத்தனை நாள் ஓட்டுவது? கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பழைய ஜெனரேட்டர் சும்மா கிடக்கிறது, வருகிறீர்களா என்று. மனைவி போனைப் பிடுங்கி, "அவரு வரமாட்டாரு" என்று வைத்துவிட்டாள். அன்று ராத்திரி பிளவுஸ் தைத்த காசை எண்ணிப் பார்த்தாள். மறுநாள் அவளே போன் செய்தாள். அவர் வருவார், ஆனால் குனிந்து நிமிர்கிற வேலையை நான் செய்வேன், அதற்குச் சம்மதமா என்று கேட்டாள். மேனேஜருக்கு வண்டி ஓடினால் சரி.

இப்போது அவர்கள் இரண்டு பேராகப் போகிறார்கள். வண்டியை நிறுத்தியதும் அவள் முதலில் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கத்தில் தெருவைத் தாண்டி அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவாள். போர்வையைப் போர்த்திவிடுவாள். பிறகு துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறுவாள். எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று அவர் கையால் ஜாடை காட்டிக் கேட்பார், அவளும் கையாலேயே சொல்வாள். டீசல் கேனைத் தூக்குவது, ஊற்றுவது எல்லாம் அவள்தான். சீக்கிரமே கற்றுக்கொண்டாள். அவள் விரல் நுனிகளில் நூல் வெட்டிய தழும்புகளுக்கு நடுவே கறுப்பு ஏறிவிட்டது. இப்போது தனி வாளியில் இரண்டு பேர் துணியும் ஊறுகிறது.

நேற்று ஒரு சந்தின் வாயில் நிறுத்தியிருந்தார்கள். மத்தியானத்துக்குமேல் காற்று திரும்பியது. புகை தெருவைக் கடந்து மெதுவாக அவர் பக்கம் வந்தது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போடலாம் என்று பார்த்தார். முழங்கால் நிமிரும் முன்பே மூச்சு முட்டியது. வண்டிக்குள் குனிந்து நின்ற அவளை நோக்கிக் கையை உயர்த்தி ஆட்டினார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டு, சரியாகத்தான் ஓடுகிறது என்று பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டு, அடுத்த கேனைத் தூக்கக் குனிந்தாள்.